அடித்தகடு

ஹட்டன் பஸ் நிலையத்தில், புறப்படத் தயாரான பஸ்ஸின் விலாவில் கொண்டக்டர் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுகிறார். டங், டங். தகரத்தின் சத்தம் எழுந்து மழை ஈரத்தில் மெல்ல அடங்குகிறது. பஸ் போய்விடுகிறது. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். யாராவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமென்று காது காத்துக் கிடக்கிறது. ஒன்றரை என்றோ, ரெண்டே கால் என்றோ. யாரும் சொல்வதில்லை. பஸ் நின்ற இடத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு டீசல் விரிந்து, மயில் கழுத்து நிறத்தில் கண் திறந்து என்னைப் பார்க்கிறது.

அப்போது என் நினைவில் அவர் வந்துவிடுகிறார். வலது காதை முன்னே நீட்டி, தலையைச் சாய்த்து, ஒரு பெரிய பறவை புழுவின் நடமாட்டத்தைக் கேட்பதுபோல.

இரும்பு என்றால் தட்டாமல் தாண்டமாட்டார். நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு, சிறு இடைவெளி, இன்னொரு தட்டு. பிறகு சட்டைப் பையிலிருந்து சோக்குக் கட்டியை எடுத்து, தட்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போடுவார். அந்தத் தகட்டில் இன்னும் எத்தனை மில்லிமீற்றர் இரும்பு மிச்சமிருக்கிறது என்பது அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் தங்கியிருந்த ஒரு வருடத்துச் சொச்சத்தில் எண் விழாத இரும்பு இல்லை. பெக்டரிப் படிக்கட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை, ஆற்றுப் பாலம், கொழுந்து லொறி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக் கேற். அவருடைய சட்டைப் பை எப்போதும் வெள்ளையாக இருக்கும். யாரோ விபூதியைக் கொட்டிவிட்டதுபோல.

ஒருநாள் யாரோ குறும்புக்காரர்கள் தொழிற்சங்கத் தலைவரின் கதவில் சோக்கால் ஒரு பூச்சியத்தைப் போட்டு, கட்டமும் கட்டிவிட்டார்கள். தலைவர் நேரே இவரிடம் வந்தார்.

"எங்க வீட்டுக் கதவுல முட்டை போட்டது நீதானே?"

"கதவு மரங்க, தலைவரே. நான் மரத்துக்குப் போடறதில்ல. உள்ள இருக்கற ஆளுக்கு யாரோ போட்டிருக்காங்க."

அவருக்கு இடது காது கேட்காது. இருபது வருடம் படகில், கடலுக்குள் இறங்கும் சுழியோடிகளுக்குக் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் போய்விட்டது. அவரைக் கேலி பண்ண நினைப்பவர்கள் இடப்பக்கமாக வந்து நின்றுகொள்வார்கள். அதையும் அவர் அறிவார். "அந்தப் பக்கம் நின்னு பேசறதெல்லாம் என்னயப் பத்தித்தான். அதுனால கேக்கணும்னு அவசியமில்ல" என்பார்.

எங்கள் லயத்தில் பிறந்து, சிறு வயதில் கொழும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கடல். திரும்பி வந்து தங்கையின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பாயை விரித்துக்கொண்டபோது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. இடையில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னதில்லை. கேட்டால், எதையாவது தட்ட ஆரம்பித்துவிடுவார்.

கடலடியில் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்ப்பதுதான் அவருடைய படகின் வேலை. போர்க்காலத்தில் குண்டு வாங்கியவை, பாறையில் கிழிந்தவை, புயலில் கவிழ்ந்தவை. மேலே இருப்பவர்கள் மறந்துபோன பிறகும் அவற்றின் வயிற்றில் எண்ணெய் அப்படியே இருக்கிறது. உப்புத் தண்ணீர் சுற்றி நின்று, அவசரமே இல்லாமல், வருடத்துக்கு ஒரு நகக்கீற்று அளவு இரும்பைத் தின்கிறது. எந்தக் கப்பலைத் துளைத்து எண்ணெயை இப்போதே எடுத்துவிட வேண்டும், எதை இன்னும் சில வருடம் விட்டுவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அளந்து சொல்ல வேண்டும். சுழியோடி கீழே இறங்கி, சிப்பியைச் சுரண்டி, தகட்டைத் தட்டி, அதன் கனத்தைக் கருவியால் அளந்து, தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சொல்வார்; தட்டும் சத்தமும் அதே கம்பியில் மேலே கேட்கும். மேலே இவர் ஒரு கையில் சுழியோடியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கப்பலின் படத்தில் உரிய கட்டத்தில் அந்த எண்ணை எழுதுவார். அளக்கும் கருவி படகோடு போய்விட்டது. காது மட்டும் இவரிடம் மிஞ்சியது.

"மனுசன் செத்தா மூணு நாள்ல தெரிஞ்சிரும் கிளாக்கரய்யா. கப்பல் செத்தது தெரிய எழுவது எம்பது வருசமாகும்" என்பார். நான் பெக்டரிக் கிளாக்கர். அவரைவிட இருபது வயது இளையவன். அவர் வாயில் 'ஐயா' என்பது பாதி மரியாதை, பாதி கிண்டல்.

இத்தனை காலம் கடலில் இருந்தவருக்கு நீச்சல் தெரியாது என்பதை எங்கள் ஊர் கடைசிவரை நம்பவில்லை. "கயிறு புடிக்கறவன் தண்ணிக்குள்ள போகக்கூடாதுங்க. போனா கயிற யாரு புடிக்கறது?"

அவரைப் பார்த்து ஊர் சிரித்தது முதல் மூன்று மாதம். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

லயத்துக்கு மேலே இரும்புக் கால்களில் ஒரு தண்ணீர்த் தாங்கி. அதன் நிழலில் துவைக்கிற கல். தாங்கியின் அடித்தகட்டில் அவர் 1 என்று எழுதினார். பெண்களிடம், கல்லை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். யார் கேட்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர் அந்தக் கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அழுக்குத் துணிக் கூடையோடு வந்தவர்கள் ஏசினார்கள். ஒருத்தி ஈரத் துண்டால் அடிக்கக்கூடப் போனாள். அசையவில்லை. மூன்றாம் நாள் பகலில் தங்கை தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். எழுந்து போனார். குவளை வாயை அடைவதற்குள் அது நடந்தது. வெடிக்கவில்லை. யாரோ நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் ஒரு சத்தம். தாங்கியின் அடி கழன்று, தண்ணீர் முழுவதும் ஒரே துண்டாக விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அதன் பிறகு அவர் வரும் வழியில் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சைக்கிளைச் சாக்கால் மூடினார்கள். "அவரு தொட்டா நாள் குறிச்ச மாதிரி" என்று கொழுந்து மலையில் பேச்சு. எனக்கும் கொஞ்சம் பயம் இருந்தது, ஒளிப்பானேன். ஒருநாள் பேச்சுவாக்கில் என் முதுகில் முட்டியால் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "எத்தனை அண்ணே?" என்றேன், சிரிக்கப் பார்த்து. "ஆளுங்களுக்கு எண் இல்லங்க" என்றார். சொல்வதற்கு முன் சற்றுத் தாமதித்தார் என்று எனக்குப் பட்டது.

என் குவாட்டர்ஸ் வாசலில் நின்றால் கீழே மஸ்கெலியா நீர்த்தேக்கம். அணை கட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த பழைய டவுன், கோயில், வண்டிப் பாதை எல்லாம் தண்ணீருக்குள் போனது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் தோட்டத்துப் பழைய பெக்டரியும் அங்கேதான் இருக்கிறது. நான்கு மணித் தேத்தண்ணிக்கு வருபவர் வாசலிலேயே நின்று தண்ணீரைப் பார்ப்பார். கோயிலைப் பற்றியோ டவுனைப் பற்றியோ கேட்டதில்லை. ஒருநாள் கேட்டார்:

"பழைய பெக்டரி எஞ்சின்ல ஓடினதுதானே? அதுக்கு எண்ணெய் டேங்கி எங்க வச்சிருந்தாங்க?"

மெஷினையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். தாங்கியைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒஃபிஸ் அலுமாரியில் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. கோயிலுக்குப் பின்பக்கச் சரிவில், மண்ணுக்குள் பாதி புதைத்து, ஓர் உருளை. அவர் அதை விரலால் தடவினார். காகிதத்தைத் தட்டக்கூடச் செய்தார், பழக்கத்தில்.

"எடுத்திருக்க மாட்டாங்க" என்றார். "எடுத்தா லாபமில்ல. தண்ணிக்குள்ளதானே போகுதுன்னு மூடிய இறுக்கிட்டுப் போயிருப்பாங்க. கப்பல்காரனும் அப்பிடித்தான்."

"இவ்வளவு காலம் ஒன்றும் ஆகவில்லையே அண்ணே."

"தண்ணி நெறைஞ்சிருக்கற வரைக்கும் தண்ணியே அணைச்சுப் புடிச்சிருக்கும். தண்ணி வத்தினா அது தனியாத் தாங்கணும். அதுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு."

அந்த வருடம் மழை பொய்த்தது. நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் இறங்கியது. முதலில் கோயிலின் உச்சி, பிறகு தூண்கள், பிறகு படிகள். சேறு வெடித்துத் தேன்கூட்டைப்போல் கிடக்க, மூழ்கிய ஊர் மூச்சு வாங்க மேலே வந்தது. சனங்கள் பொங்கல் பானையோடு இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் செல்லம்மா அக்கா. மாரியம்மன் அவர் மேல்தான் இறங்குவாள். வருடத்தில் ஒருநாள் ஊரே அவர் காலில் விழும், மற்ற நாட்களில் கொழுந்து எடுப்பார்.

கோயிலுக்குப் பின்னால், ஈரச் சேற்றில், அந்த நிறம் கிடந்தது. மயில் கழுத்து நிறம். ஒரு கோடாக ஊர்ந்து, மிச்சமிருந்த தண்ணீரில் போய் விரிந்திருந்தது. கோட்டின் தலைப்பில் ஒரு துருப்பிடித்த குழாயின் கழுத்து. அதன் ஓரத்திலிருந்து கறுப்பாக, காய்ச்சிய கித்துள் பாணிபோல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டது.

நானும் அவரும் போனபோது செல்லம்மா அக்கா அதை ஒரு மண்சட்டியில் ஏந்திக்கொண்டிருந்தார். பெண்கள் விரலில் தொட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் வைத்தார்கள். கற்பூரத் தட்டு தயாராக இருந்தது.

"அக்கா, அது எஞ்சின் எண்ணெய்" என்றார் அவர்.

"இத்தன வருசமா அவளுக்கு யாரு வெளக்கு ஏத்தினா? நீயா ஏத்தின? தண்ணிக்குள்ள விட்டுட்டு நாம மேல வந்துட்டோம். அவ தனக்குன்னு எண்ணெய் எடுத்து வச்சிருக்கா."

"எஞ்சின் எண்ணெய்க்கா. கொழந்தைங்க தோலு வெந்துரும்."

"ஏன், எஞ்சின் எண்ணெய்ன்னா அம்மனுக்கு ஆகாதா? நம்ம கையில என்ன பன்னீரா மணக்குது?"

சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அவர் முட்டி போட்டு, சேற்றை ஒதுக்கி, தாங்கியின் தோளைக் கண்டுபிடித்துத் தட்டினார். பிறகு ஓர் இரும்புக் கம்பியைத் தகட்டில் ஊன்றி, மறுமுனையில் வலது காதை வைத்தார். நெடுநேரம். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

குளிர்ந்த இரும்பு காதில் பட்டது. முதலில் என் ரத்தத்தின் சத்தம்தான். அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், கனமான ஏதோ ஒன்று, தூக்கத்தில் ஓர் ஆள் புரண்டு படுப்பதைப்போல, மெதுவாக இடம் மாறியது.

"அரைவாசிக்கு மேல இருக்கு" என்றார். "மழை வரமுந்தி எடுக்கணும். ஒடஞ்சு எறங்கினா இந்தத் தண்ணிய யாரும் வாயில வைக்க முடியாது. கீழ எத்தன ஊரு குடிக்குது."

அன்றே மனேஜர் தொரையிடம் போனேன். அது இப்போது நம் தோட்டத்து நிலமில்லை என்றார் தொரை. நுவரெலியாவில், நீர்த்தேக்கத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுத்தில் தாருங்கள், விண்ணப்பப் படிவம் இருக்கிறது என்றார்கள். அவர் இதையெல்லாம் வலது காதால் கேட்டுவிட்டு, மறுநாள் செல்லம்மா அக்காவின் காம்பரா வாசலில் போய் நின்றார்.

"அக்கா, அம்மன் எண்ணெய்தான்னு வைங்க. அவ எண்ணெய இப்பிடிச் சேத்துல சிந்தவிடலாமா? மொத்தமா எடுத்து மேல கொண்டுவந்து வச்சிருவோம். பால்குடம் எடுக்கற மாதிரி."

செல்லம்மா அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார்.

இப்படித்தான் அந்த ஊர்வலம் தொடங்கியது. இன்றும் கண்ணை மூடினால் அதுதான். வெடித்த சேற்றுவெளியில் ஒற்றை வரிசையாகப் பெண்கள். தலையில் பிளாஸ்டிக் கேன்கள், கேன்களின் வாயில் வேப்பிலை. இடுப்பில் கொழுந்து எடுக்கப் போகையில் கட்டும் தடித்த படங்குத் துணி. கையில் பொலித்தீன் உறை. அதெல்லாம் அவருடைய ஏற்பாடு, அம்மனுக்கு மடி, சுத்தம் என்று சொல்லிக் கட்ட வைத்தார். செருப்புக்கு மட்டும் அக்கா சம்மதிக்கவில்லை. கற்பூரத்தைக் கீழே ஏற்ற வேண்டாம், மேலே வந்து ஏற்றலாம் என்று அக்காவிடம் சொன்னார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, "இத்தன வருசம் இருட்டுல இருந்தவ. கண்ணு கூசும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

காலைக் குளிரில் எண்ணெய் இறுகிக் கிடக்கும். பதினொரு மணி வெயில் தகட்டில் ஏறிய பிறகுதான் பெக்டரியின் கைப்பம்பிக்கு வசப்படும். எடுத்த அளவுக்குத் தாங்கிக்குள் தண்ணீரை ஊற்றச் சொல்வார். காலித் தாங்கி மிதந்து எழப் பார்க்குமாம். எண்ணெயை ஊற்றிவைக்க, ஸ்டோரிலிருந்த வெற்றுப் பீப்பாக்களைத் தொரையைக் கேட்காமல் நான் எடுத்துக் கொடுத்தேன். என் உத்தியோக காலத்தில் நான் கேட்காமல் செய்தது அது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு. அது பிறகு.

ஆறாம் நாள் சாயங்காலம், பீப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்.

"ஒரு தீவுங்க. பேர் வேணாம். சின்னக் கப்பல். எல்லாத் தகடும் அளந்தாச்சு, அடியில ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதுக்குள்ள கடல் கெட்டுப்போச்சு. சுழியோடியக் கூப்புட்டுக்கிட்டோம். படத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. காலியா இருந்தா மறுபடியும் வரணும், செலவு. பக்கத்துக் கட்டத்துல நாலு. நான் இதுலயும் நாலு போட்டுட்டேன்."

துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நாலுன்னா அவசரமில்ல, விட்டுவைக்கலாம். விட்டுட்டு வந்தோம். மூணு வருசத்துல அந்தத் தகடுதான் போச்சு. நான் போய்ப் பாத்தேங்க. கரை பூரா கறுப்பு. அந்த ஊருப் பொம்பளைங்க சோத்துப் பானையால மணலைச் சொரண்டிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் என்னய ஒண்ணும் கேக்கல. என்னயத் தெரியாதே அவங்களுக்கு."

பிறகு, பீப்பாவைத் தட்டினார். எண் எழுதவில்லை.

"இப்ப அம்மன் பேரச் சொல்லி இன்னொரு பொய்" என்றார்.

கொழுந்து லொறி டிரைவர்தான் செய்தி கொண்டுவந்தார்: வட்டவளைப் பக்கம் மழை தொடங்கிவிட்டது. எங்களுக்கு இரண்டு நாள் இருக்கும். பம்பிக்கு எட்டிய எண்ணெயையெல்லாம் எடுத்தாகிவிட்டது. குழாய்க்கு மரக்கட்டை அடித்து, இடுக்கில் துணி துவைக்கிற சவுக்காரம் அப்பி, அதன்மேல் சீமெந்து பூசினார். பெண்கள் மேலே போய்க் கற்பூரம் ஏற்றினார்கள். அவர் மட்டும் தாங்கியின் அடியில் தோண்டிக்கொண்டிருந்தார். எடுக்க முடியாத வண்டல் குழம்புபோல் அடியில் நிற்கும். அது எவ்வளவு காலம் நிற்கும் என்று அடித்தகடுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மழையும் சேர்ந்தது. அவர் தோண்டிய குழி, தாங்கிக்குக் கீழே ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவு. தண்ணீர் அதன் வாயை நக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"ஒரு இழுப்பு வந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு வந்தா யோசிக்காதீங்க, இழுத்துருங்க."

"நீச்சல் தெரியாதே அண்ணே உங்களுக்கு."

"இதுக்கு நீச்சல் எதுக்குங்க. கயிறு புடிக்க நீங்க இருக்கீங்களே."

உள்ளே போனார். முதலில் தலை, பிறகு முதுகு, பிறகு பாதங்களின் வெள்ளை. கயிறு ஓர் இழுப்பு கொடுத்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. மூட்டம் என்னைச் சுற்றி வந்து நின்றது. கோயில் தெரியவில்லை, என் கால் தெரியவில்லை, கயிறு மட்டும் என் கையிலிருந்து வெண்மைக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் என் கணுக்காலில். பிறகு முழங்காலில். கயிறு சும்மா கிடந்தது. நானே ஒன்று இழுத்துப் பார்த்தேன். பதிலில்லை.

பிறகு வந்தது. ஒன்று. இரண்டு. தெளிவாக, அழுத்தமாக.

இழுத்தேன். அவர் குப்புற, சேறாக, திட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றினேன். நாங்கள் ஏறி முடிப்பதற்குள், தண்ணீர்த் தாங்கி உடைந்த அன்று கேட்ட அதே மூச்சுச் சத்தம். திரும்பிப் பார்த்தோம். குழி இருந்த இடத்தில் குழி இல்லை. சரிவு அதன்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"ஏன் இழுத்தீங்க?" என்றார். "ஒரு சாண். இன்னும் ஒரே ஒரு சாண் போயிருந்தா தட்டியிருப்பேன்."

"நீங்கள்தானே ரெண்டு முறை இழுத்தீர்கள்?"

அவர் தலையைச் சாய்த்து, வலது காதைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பினார்.

"நான் கயிறத் தொடவே இல்லீங்க" என்றார். "ரெண்டு கையும் மண்ணுக்குள்ள இருந்துச்சு."

மழையில் நின்றோம். மேலே லயத்துக் கோயிலில் செல்லம்மா அக்கா பாடுவது விட்டு விட்டுக் கேட்டது.

ஒரு வாரத்தில் தண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் ஒரு தேயிலைச் சாக்கைப் பிரித்து, அதன் உட்பக்கக் காகிதத்தில் தாங்கியை விரித்து வரைந்தார். மீனைக் கருவாட்டுக்குப் பிளந்து போட்டதுபோல. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தட்டிய எண். கடைசியில் அடித்தகடு. அந்த அலுவலகத்தின் படிவத்தில் சிங்களத்தில் நிரப்பி அனுப்பும் வேலை என்னுடையது.

அதற்கிடையில் அவருக்கு அழைப்பு வந்தது. பெயர் சொல்லாத அந்தத் தீவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கப்பல்கள் கிடக்கின்றனவாம். பழைய ஆட்கள் வேண்டுமாம். சட்டையில் இருந்த சோக்குத் தூளை உதறிவிட்டு, ஒரு பையோடு கிளம்பிவிட்டார். அவர் புறப்படும் காலையில்தான் நுவரெலியாவிலிருந்து தொலைபேசி வந்தது.

"ஒரு கட்டம் நிரப்பவில்லையே" என்றார் அந்த அதிகாரி. பண்பாகத்தான் பேசினார். நிரப்பாத படிவத்தை ஏற்க முடியாது, திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்குத்தான் எடுக்கலாம், அதற்குப் பல மாதமாகும். உத்தேசமாகவாவது ஓர் எண்ணைச் சொன்னால் இன்றே பட்டியலில் சேர்த்துவிடுவார்.

சேர்த்துவிட்டால் யாராவது வந்து பார்ப்பார்களே என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை. நிரப்பாத இடத்தைக் கண்டால் கிளாக்கரின் கை தானாகவே போகும். பக்கத்துக் கட்டத்தில் ஐந்து இருந்தது. ஐந்து என்றேன்.

"அப்படியென்றால் அவசரமில்லை" என்றார் அதிகாரி, நிம்மதியாக. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

பிறகு திருத்தக் கடிதம் மூன்று எழுதியிருக்கிறேன். மழை குறையும் ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறேன். இதுவரை அது தண்ணீர் நிறத்தில்தான் இருக்கிறது.

அன்று, ஹட்டன் பஸ் நிலையம். கொழும்பு பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். கீழே தரையில் நான். அவருடைய கேட்காத காது என் பக்கம் இருந்தது. பஸ்ஸைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்கும் அளவு தெளிவாகச் சொன்னேன்: "அண்ணே, அடித்தகட்டுக்கு ஐந்து போட்டுவிட்டேன்."

அவர் முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டக்டர் தகரத்தைத் தட்டினார். டங், டங். அந்தச் சத்தத்துக்கு அவர் உதடு தானாக ஓர் எண்ணை முணுமுணுத்தது. பஸ் நகர்ந்தது. அப்போதுதான் என் ஞாபகம் வந்தவர்போல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நல்ல காது என் பக்கம் வரும்படி முழுவதுமாகத் திரும்பினார்.

"அடித்தகட்டுக் கட்டத்த வெறுமையாத்தான் விட்டிருக்கேன், கிளாக்கரய்யா. யாராச்சும் எண் கேப்பாங்க. போட்டுறாதீங்க."